நெறி கட்டியிருக்கிறதா? தேள் கொட்டிய இடத்தைத் தேடுங்கள்

“தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டுமா?” என்று கேட்பார்கள். சம்பந்தமில்லாத இரண்டுக்கு முடிச்சுப் போடுகிறவரை மடக்கும் கேள்வி அது. மரங்களைப் பொறுத்தவரை நியாயம்தான். உடம்பு விஷயத்தில் பதில் “கட்டும்” என்பதே. கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். கைவிரலில் நகச்சுத்தி வந்தால் அக்குளில் கட்டும். பேன் கடித்துச் சொறிந்த தலைப்புண் என்றால் பிடரியில் கட்டும்.

போன மழைக்காலத்தில் எனக்கு வலது தொடையிடுக்கில் கொண்டைக்கடலை அளவில் ஒன்று தட்டுப்பட்டது. இரவு பதினொரு மணிக்கு இணையத்தில் தேட ஆரம்பித்தேன். பன்னிரண்டு மணிக்குள் புற்றுநோய் வரைக்கும் போய்விட்டேன். மறுநாள் மருத்துவர் அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்த நேரத்தைவிட என் கால் விரல்களை விரித்துப் பார்த்த நேரம்தான் அதிகம். சுண்டுவிரல் இடுக்கில் வெடித்திருந்த தோலைக் காட்டி, “இதுக்கு மருந்து போடுங்க, அது தானா அடங்கும்” என்றார். அடங்கியது. முழுதாக மறைய மூன்று வாரம் பிடித்தது. அவர் பார்த்த அதே வரிசையில் நீங்களும் உங்கள் உடம்பைப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நோயை நீங்களே முடிவுசெய்வதற்காக அல்ல. எப்போது பொறுக்கலாம், எப்போது ஓட வேண்டும், போனால் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

நெறி என்பது என்ன

மருத்துவத் தமிழில் நிணநீர்க் கணு. நம் உடம்பில் இவை சுமார் 600 இருக்கின்றன. அதில் கணிசமான பங்கு கழுத்தில் மட்டும். ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களில் தேங்கும் நீரை மெல்லிய வாய்க்கால்கள் திரும்ப ரத்தத்துக்குக் கொண்டுபோகின்றன. அந்த வாய்க்கால்களின் வழியில் இருக்கும் சோதனைச் சாவடிகள்தான் இந்தக் கணுக்கள். கிருமியோ, அதன் துணுக்கோ, பிறழ்ந்த உயிரணுவோ வந்தால் இங்கே மறிக்கப்படும். மறிக்கும் வெள்ளணுக்கள் பெருகுவதால் கணு வீங்கும். ஆகவே பெரும்பாலான நேரங்களில் வீக்கம் என்பது உடம்பு வேலை செய்வதன் அடையாளம். சில நேரங்களில் மட்டும் அந்தக் கணுவே நோயின் இடமாகிவிடும்.

படி 1: அது நெறிதானா?

கட்டியாகத் தட்டுப்படுவதெல்லாம் நெறி இல்லை. மூன்று விரல்களின் நுனியால், அழுத்தாமல், மெதுவாக வட்டமாக உருட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் அது உங்கள் உடம்பின் அமைப்பு.

நடுக்கழுத்தில் இருந்து, எச்சில் விழுங்கும்போது மேலே ஏறி இறங்கினால் தைராய்டு பக்கம் சந்தேகப்பட வேண்டும். காதுக்குக் கீழே கன்னம் உப்பி, காதுமடலையே தூக்கிக் காட்டினால் அது பொன்னுக்கு வீங்கியாக இருக்கலாம். அங்கே வீங்குவது உமிழ்நீர்ச் சுரப்பி. தாடைக்கு அடியில் சாப்பிடும்போது மட்டும் வீங்கி வலித்துப் பிறகு வற்றினால் உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருக்கலாம். தோலுக்கு அடியில் மாவு போல மெத்தென்று வருஷக்கணக்காக இருப்பது கொழுப்புக் கட்டி. தோலோடு ஒட்டி, நடுவில் கரும்புள்ளியோடு இருப்பது தோல் நீர்க்கட்டி. தொடையிடுக்கில் இருமும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போவது குடலிறக்கம். அது திடீரென்று உள்ளே போகாமல் கெட்டிப்பட்டு, வலியும் வாந்தியும் சேர்ந்தால் அவசர அறுவைச் சிகிச்சைக்கான நிலை. இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

வயதான, மெலிந்தவர்கள் தாடைக்கு அடியில் தடவிப் பார்த்துவிட்டு “கட்டி வந்துடுச்சு” என்று பயப்படுவது பெரும்பாலும் தொங்கிய உமிழ்நீர்ச் சுரப்பியைத்தான். கழுத்தின் பக்கவாட்டில் துடிக்கும் கட்டியைத் தேய்க்காதீர்கள். அது மூளைக்குப் போகும் ரத்தக் குழாயாக இருக்கலாம்.

படி 2: எந்த இடத்தில்?

எல்லாப் படிகளிலும் முக்கியமானது இது. ஒவ்வொரு கணுவுக்கும் ஓர் ஆயக்கட்டு உண்டு. எந்தப் பகுதியின் நீர் அங்கே வடிகிறதோ, அந்தப் பகுதியில்தான் தேளைத் தேட வேண்டும்.

தாடைக்கு அடியில், கழுத்தின் முன்பக்கம்: வாயும் தொண்டையும். சொத்தைப் பல், ஈறு வீக்கம், வாய்ப்புண், டான்சில் அழற்சி, சாதாரணச் சளி. கண்ணாடி முன்னால் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். வெற்றிலையோடு புகையிலை, குட்கா, பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் நாக்கின் ஓரங்களையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் கவனமாகப் பார்க்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முழுதாகத் திறக்க முடியாமை, இவற்றோடு தாடைக்கு அடியில் கல் போன்ற வலியில்லாத கட்டி என்றால் தாமதிக்கக் கூடாது. வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

காதுக்குப் பின்னும் பிடரியிலும்: தலைத்தோல். குழந்தைகளிடம் பேன், ஈர், தலைப்புண், படர்தாமரை. பள்ளி போகும் பெண்குழந்தைக்குப் பிடரியில் உளுந்து உளுந்தாக நெறி இருந்தால் முதலில் பின்னலை அவிழ்த்துப் பாருங்கள். லேசான காய்ச்சலும் முகத்தில் தொடங்கிப் பரவும் சிவப்புத் தடிப்பும் சேர்ந்தால் ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மையாக இருக்கலாம். குழந்தைக்கு அது சுலபமாகக் கடந்துவிடும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்து என்பதால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அக்குள்: கை, மார்பு, மார்பகம். நகச்சுத்தி (எலுமிச்சம்பழத்தைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு திரிவோமே, அதுதான்), வெட்டுக்காயம், பூனை கீறியது, சவரம் செய்ததால் வந்த கொப்புளம், அன்றாடக் காரணங்கள் இவை. தடுப்பூசி போட்ட கையின் பக்கமும் சில நாட்களில் வீங்கும். கோவிட் தடுப்பூசிக்குப் பிறகு இது பலருக்கும் நடந்தது. பெண்கள் அக்குளில் கெட்டியான கட்டியைக் கண்டால் அதே பக்க மார்பகத்தையும் சோதிக்காமல் விடக் கூடாது. தோல் உள்ளிழுப்பது, காம்பில் ரத்தக் கசிவு, கட்டி, எது இருந்தாலும் சொல்லுங்கள். ஆண்களுக்கும் மார்பகப் புற்று வரும்; அரிது, அவ்வளவுதான்.

தொடையிடுக்கு: கால், பிறப்புறுப்பு, ஆசனவாய், இடுப்புக்குக் கீழ் உள்ள தோல். செருப்பில்லாமல் நடக்கும் ஊரில் அங்கே ஒன்றிரண்டு சிறிய கணுக்கள் நிரந்தரமாகவே தட்டுப்படும். பித்தவெடிப்பு, முள் குத்திய காயம், சேற்றுப்புண், விரல் இடுக்கு அரிப்பு, இதெல்லாம் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதம் மரத்திருக்கும், புண் இருப்பதே தெரியாது. அடிப்பாதத்துக்குக் கீழே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பிறப்புறுப்பில் புண் இருந்தால், வலியில்லாவிட்டாலும், பால்வினை நோய்க்கான சோதனை தேவை. வெட்கப்பட்டு மறைத்தால் மருத்துவர் காலில் காயம் தேடிக்கொண்டிருப்பார். குளிர்க்காய்ச்சலோடு தொடையிடுக்கில் வலியும், காலில் சிவப்புக் கோடும், திரும்பத் திரும்ப வந்தால் யானைக்கால் நோயையும் நினைக்க வேண்டும்.

காறை எலும்புக்கு (கழுத்தடியிலிருந்து தோள்வரை குறுக்கே போகும் எலும்பு) மேலே உள்ள குழி: இந்த ஓர் இடத்துக்கு மட்டும் பொறுத்திருந்து பார்க்கும் சலுகை கிடையாது. அங்கே எந்த அளவில் கணு தட்டுப்பட்டாலும் காட்ட வேண்டும். நுரையீரல், வயிறு, குடல் போன்ற உள்ளுறுப்புகளின் நிணநீர் ரத்தத்தில் சேரும் வாசல் அங்கேதான் இருக்கிறது. இடப்பக்கக் குழியில் கெட்டியான கணு இருந்தால் வயிற்றுப் புற்றைத் தேடு என்று மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் சொல்லித்தருகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரால்தான் அந்தக் கணுவையே அழைக்கிறார்கள். பயப்படாதீர்கள், காசநோய்க்கும் அதே இடம் பிடிக்கும்.

படி 3: எவ்வளவு பெரிது, தொட்டால் எப்படி?

ஒரு சென்டிமீட்டர், அதாவது ஒரு கொண்டைக்கடலை, வரை பொதுவாகக் கவலை இல்லை. தொடையிடுக்கில் ஒன்றரை வரை விடலாம். இரண்டைத் தாண்டினால் காட்ட வேண்டும்.

வலிக்கிறது, மெத்தென்று இருக்கிறது, விரலுக்கடியில் நழுவுகிறது, ஒன்றிரண்டு நாளில் வந்தது என்றால் பெரும்பாலும் சாதாரணத் தொற்று. கணு வேகமாக வீங்கும்போது அதன் உறை இழுபடுவதால்தான் வலிக்கிறது. மெதுவாக வளர்ந்தால் வலிக்காது. கல் போலக் கெட்டியாக, அசையாமல் அடியில் ஒட்டியிருப்பது வேறெங்கோ உள்ள புற்று பரவியதாக இருக்கலாம். அழிப்பான் ரப்பர் போல அமுங்கி எழும்புவது நிணநீர்ப் புற்றில் வரும். பல கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திராட்சைக் கொத்து போல இருந்தால் காசநோய். இதெல்லாம் சாய்வுகள்தான், சட்டங்கள் இல்லை. அனுபவமுள்ள விரல்களே ஏமாறும்.

படி 4: கூட என்ன வந்திருக்கிறது?

தொண்டை வலி, மூக்கொழுகல், இருமலோடு வந்தால் வைரஸ் சளி. இரண்டு வாரத்தில் சுருங்கத் தொடங்கும். பதின்வயதினருக்குக் கடுமையான தொண்டை வலி, கழுத்தின் பின்பக்கம் வரை வீக்கம், வாரக்கணக்கில் அசதி என்றால் எப்ஸ்டீன்-பார் வைரஸாக இருக்கலாம். அதற்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சாப்பிட்டால் உடம்பெங்கும் தடிப்பு கிளம்பலாம். மண்ணீரலும் வீங்கியிருக்கலாம் என்பதால் கபடி, கால்பந்துக்குச் சில வாரம் விடுப்பு.

கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலியோடு அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி, பக்கத்தில் சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத ஒரு கருப்புப் பொருக்கு. இந்தச் சேர்க்கையை மனதில் எழுதி வையுங்கள். ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல். புதர், வயல்வரப்பு, தோட்டங்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருகிறது. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதை அடுத்த குளிர் மாதங்களிலும் அதிகம். அந்தப் பொருக்கு அக்குள் மடிப்பிலோ, மார்புக்கு அடியிலோ, உள்ளாடைப் பட்டியின் கீழோ ஒளிந்திருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. கண்டுபிடித்துவிட்டால் டாக்சிசைக்ளின் என்ற விலை மலிவான மருந்து நன்றாகக் கேட்கும். தவறவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.

மாலையில் லேசான காய்ச்சல், பசியின்மை, எடை குறைவு, கழுத்தின் ஒரு பக்கம் வாரக்கணக்கில் மெதுவாக வளரும் வலியில்லாத கட்டி: காசநோய். நம் முன்னோர் கண்டமாலை என்று பெயர் வைத்தது இதற்குத்தான். கழுத்தைச் சுற்றி மாலை போலக் கட்டி கட்டியாக நிற்பதால் அந்தப் பெயர். இருமல் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. காய்ச்சல்கூட இல்லாமல் வருவதுண்டு. இந்தியாவில் நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோய்களில் நெறிக் காசநோய்தான் முதலிடம். நுரையீரல் பாதிக்கப்படாவிட்டால் அது மற்றவருக்குத் தொற்றாது. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்கும் கொடுமையெல்லாம் வேண்டாம்.

துணி நனைந்து மாற்ற வேண்டிய அளவுக்கு இரவு வியர்வை, 100.4 டிகிரிக்கு மேல் காரணம் தெரியாத காய்ச்சல், ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு: இந்த மூன்றும் நிணநீர்ப் புற்றின் துணை அறிகுறிகள். தோலில் ஒன்றுமே இல்லாமல் உடம்பெல்லாம் அரிப்பதும் உண்டு. காசநோயும் இதே வேஷத்தில் வரும் என்பதால்தான் நம் நாட்டில் திசுச் சோதனை இல்லாமல் இரண்டில் எதையும் முடிவு செய்யக் கூடாது.

மூட்டு வலி, முடி கொட்டுதல், வெயில் பட்டால் முகத்தில் சிவப்பு என்றால் லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள். இளம்பெண்களுக்குக் கழுத்து நெறியும் காய்ச்சலும் வந்து சில மாதங்களில் தானே மறையும் கிகுச்சி நோய் என்று ஒன்று இருக்கிறது. 1972இல் ஜப்பானில் அடையாளம் காணப்பட்டது. காசநோய் என்று தவறாக மருந்து கொடுக்கப்படுவதும் நடக்கும்.

கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று பல இடங்களில் ஒரே நேரத்தில் வீங்கினால் ரத்தத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று: வைரஸ் காய்ச்சல்கள், எச்.ஐ.வி., மேகநோய், ரத்தப் புற்று. எச்.ஐ.வி. சோதனையை அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் இலவசமாக, ரகசியமாகச் செய்துகொள்ளலாம். வலிப்புக்கான ஃபெனிடாயின், கீல்வாதத்துக்கான அலோபியூரினால் மாத்திரைகளாலும் நெறி கட்டும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

குழந்தைகள் கணக்கு வேறு

இரண்டு முதல் பத்து வயது வரை கழுத்தில் சின்னச் சின்ன நெறிகள் தட்டுப்படாத குழந்தைதான் குறைவு. மாதம் ஒரு சளி, வாரம் ஒரு சிராய்ப்பு என்று அவர்கள் உடம்பு பாடம் படிக்கும் காலம் அது. ஓடியாடுகிறது, சாப்பிடுகிறது, எடை ஏறுகிறது, நெறி கொண்டைக்கடலைக்கு மேல் வளரவில்லை என்றால் தினமும் அதைத் தடவித் தடவிப் பார்க்கும் பாட்டிக்குத்தான் வைத்தியம் தேவை. கைக்குழந்தைக்கு இடது அக்குளில் வந்தால் பிறந்ததும் இடது தோளில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியை நினைத்துக்கொள்ளுங்கள். சிறியதாக இருந்தால் தானே போகும். வளர்ந்து, சிவந்து, சீழ் கோத்தால் காட்டுங்கள்.

படி 5: எத்தனை நாள் பொறுக்கலாம்?

காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, நெறி சிறியது, ஆள் நன்றாக இருக்கிறார் என்றால் இரண்டிலிருந்து நான்கு வாரம். குறிப்பேட்டில் தேதி, இடம், அளவு எழுதி வாரம் ஒருமுறை மட்டும் பாருங்கள். நான்கு வாரத்துக்குப் பிறகும் குறையவில்லை, அல்லது நடுவில் வளர்கிறது, அல்லது கெட்டியாக இருக்கிறது என்றால் போக வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்களும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களும் பொறுக்கும் காலத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

அன்றைக்கே போக வேண்டியவை: மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடிவது, நாக்குக்கு அடியில் வீங்கி வாய் திறக்க முடியாமை, கட்டியின் மேல் தோல் சிவந்து சுட்டு வேகமாகப் பரவுதல், காய்ச்சலோடு குழப்பமான பேச்சு. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நெறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே.

செய்யக் கூடாதவை

அமுக்காதீர்கள், உருவிவிடாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். கண்டமாலைக் கட்டியைக் கீறிவிட்டால் அந்த வாய் மாதக்கணக்கில் மூடாமல் ஒழுகும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்து போடுவது நம் வீடுகளில் வழக்கம். சுண்ணாம்பு தோலைப் பொசுக்கிவிட்டால் மருத்துவருக்கு எது பழைய சிவப்பு, எது புதிய சிவப்பு என்று தெரியாமல் போகும். வெதுவெதுப்பான ஒத்தடம் போதும். வலிக்குப் பாராசிட்டமால்.

மருந்துக்கடையில் “வீக்கத்துக்கு” என்று கேட்டு வாங்கும் மாத்திரைப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு. ஸ்டீராய்டு நிணநீர்ப் புற்றைத் தற்காலிகமாகச் சுருக்கிவிடும். “குறைஞ்சிடுச்சு” என்று சந்தோஷப்படுவீர்கள், பிறகு எடுக்கும் திசுச் சோதனையில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. லெவோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் காசநோயை அதே போல மறைக்கும்.

படி 6: மருத்துவரிடம்

எப்போது பார்த்தீர்கள், வளர்கிறதா, சாப்பிடும் மாத்திரைகள், புகையிலை, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, பூனை, தோட்ட வேலை, எடை குறைந்ததா, பழைய காசநோய்ச் சிகிச்சை உண்டா, இவற்றைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எளிதாகக் கழற்றக்கூடிய உடை போடுங்கள்; நல்ல மருத்துவர் கழுத்தோடு நிறுத்தாமல் அக்குள், வயிறு, கால் எல்லாம் பார்ப்பார்.

ரத்த அணுக்கள் எண்ணிக்கை, மார்பு எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் என்று தொடங்கும். தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் உயிரணுக்களை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பார்கள். ரத்தம் எடுக்கும் வலிதான். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். நெறி விஷயத்தில் அந்தப் பயத்துக்காகச் சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான ஆபத்து. உறிஞ்சியதில் ஒரு பங்கைச் சிபிநாட் சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். காசநோய்க் கிருமியும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதும் அதில் தெரியும். நிணநீர்ப் புற்று என்று சந்தேகம் வந்தால் ஊசியில் கிடைக்கும் துளி போதாது. ஒரு கணுவை முழுதாக எடுத்துச் சோதிப்பார்கள்.

காசநோய் என்று உறுதியானால் அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம், வழக்கமாக ஆறு மாதம். ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 அக்டோபர் வரை இது 500 ஆக இருந்தது. தனியாரிடம் சிகிச்சை பெற்றாலும் பதிவு செய்துகொண்டால் கிடைக்கும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பதறாதீர்கள், ரிஃபாம்பிசினின் நிறம் அது. கண் மஞ்சளாகி, வாந்தியும் வந்தால் மட்டும் உடனே போய்ச் சொல்லுங்கள், கல்லீரலைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் சிலருக்குக் கட்டி பெரிதாகும், புதிதாக ஒன்றுகூடக் கிளம்பும். செத்துக்கொண்டிருக்கும் கிருமிகளுக்கு எதிராக உடம்பு கிளர்ந்தெழுவதால் பெரும்பாலும் அப்படி நடக்கிறது. மருந்து கேட்கவில்லை என்று நினைத்து அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையை விடாமல் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஆறு மாதம் முடிந்த பிறகும் உளுந்தளவில் ஒன்று விரலில் தட்டுப்படலாம். அது வளராத வரை அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.